பழைய பக்கங்களை அலசும் கட்டணக் கருவி: பல பருவங்கள் பயன்படுத்திய பின்

குன்னூரில் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர், இணையதளத்தின் பழைய பக்கங்களை அலசி அறிக்கை தரும் கட்டணக் கருவி ஒன்றின் ஆண்டுச் சந்தா பாதியாகக் குறைந்திருக்கிறது என்றும், எங்கள் கொடைக்கானல் சுற்றுலாத் தளத்துக்கு அதைத்தானே நெடுநாளாகப் பயன்படுத்துகிறீர்கள், வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. கருவியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இந்த வகைக் கருவிகளில் நான் பார்த்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை.

அது செய்யும் வேலை தளம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் மதிப்பெண் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பூசி, நீக்கு, புதுப்பி, இன்னொன்றோடு சேர், அப்படியே விடு என்று நான்கில் ஒரு தீர்ப்பை எழுதிவிடும். வேகத்திலும் தோற்றத்திலும் எனக்குக் குறையே இல்லை. தீராத எரிச்சல் ஒன்றுதான்: ஒரு பக்கம் எப்போது எழுதப்பட்டது என்பதை அது துல்லியமாகச் சொல்லும், அதில் எழுதியிருப்பது இன்றும் உண்மையா என்பதைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் கிடையாது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், வாகனத்தில் வருகிறவர்கள் இணையத்தில் பெறும் அனுமதியான இ-பாஸ் கட்டாயமானபோது, அது ஜூன் 30 வரைக்கும்தான் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நாங்களும் அப்படியே ஒரு பக்கம் எழுதினோம். பிறகு அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள், நீலகிரிக்கு 6,000, 8,000 என்று உச்சவரம்பே வந்துவிட்டது. இவ்வளவு மாற்றத்துக்கு நடுவிலும் அந்தப் பக்கம் கருவியின் பட்டியலில் பளிச்சென்று பச்சையாகவே நின்றது. வயது குறைவு, நீளம் போதும், கிளிக்குகளும் வருகின்றன, வேறென்ன வேண்டும் அதற்கு? இ-பாஸ் இனி வேண்டாம் என்று நம்பி வத்தலக்குண்டு வழியாக மலையேறத் தொடங்கும் ஒரு குடும்பத்தை நடுவழியில் நிறுத்தக்கூடிய பக்கம் எங்கள் தளத்தில் அது ஒன்றுதான். அதே நேரத்தில், 2018இல் குறிஞ்சி பூத்தபோது எழுதிய பக்கம் அடர்சிவப்பில் இருந்தது, நீக்கு என்ற ஆணையோடு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதை விளக்கி, அடுத்தது 2030 என்று சொல்லும் அந்தப் பக்கத்தில் பழையதாகிப்போன வரி ஒன்றுகூட இல்லை. 2030 நெருங்க நெருங்க அதைத் தேடுகிறவர்கள் கூடத்தான் போகிறார்கள்.

இதைவிட மோசமானது அதன் காலக் கணக்கு. கடைசி 90 நாள் வருகையை வைத்தே ஒரு பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று அது முடிவுசெய்கிறது. கொடைக்கானலில் சீசன் என்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை. பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியைப் பற்றிய பக்கத்தை மே மாதத்தில் எத்தனையோ பேர் பார்ப்பார்கள், நவம்பரில் ஒருவரும் சீந்தமாட்டார். நவம்பரில் அலசலை ஓட்டினால் அது செத்த பக்கம் என்றுதான் அறிக்கை வரும், அதை நம்பி நீக்கினால் அடுத்த மே மாதத்துக்கு வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். நம் பக்கங்கள் தேடலில் எப்படி வருகின்றன என்று தளம் நடத்துகிறவருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் காசில்லாமல் 16 மாதத் தரவைத் தருகிறது, இந்த ஆண்டின் மே மாதத்தைப் போன ஆண்டின் மே மாதத்தோடு நேராக ஒப்பிட அது போதும். மலையூர்த் தளங்களுக்கு வேண்டிய ஒப்பீடு அதுதான்.

சொற்களின் எண்ணிக்கை குறைவு என்று தமிழ்ப் பக்கங்களைக் குறை சொல்வதையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்துக்கென வைத்த அளவுகோல் அது. தங்களுக்கு விருப்பமான சொல் எண்ணிக்கை என்று எதுவுமே இல்லை என்று கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறது, ஆகவே அந்த எச்சரிக்கைகளை நான் ஒட்டுமொத்தமாக அணைத்துவிட்டேன்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். ஒன்றோடொன்று மோதும் பக்கங்களைக் கண்டுபிடிப்பதில் அதற்கு ஈடு இல்லை. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி பெறுவது பற்றி வெவ்வேறு ஆண்டுகளில் எழுதிய மூன்று பக்கங்கள் எங்கள் தளத்தில் இருந்தன. ஒன்று சொன்ன நேரத்தை மற்றொன்று மறுத்தது, ஒரே தேடலுக்கு மூன்றும் மாறி மாறித் தலைகாட்டி, மூன்றும் பின்வரிசையிலேயே கிடந்தன. மூன்றையும் பக்கவாட்டில் வைத்து, பொதுவான தேடல் சொற்களைச் சுட்டிக் காட்டியது இந்தக் கருவிதான். சரியான செய்தியை ஒரே பக்கத்தில் திரட்டி, மற்ற இரண்டு முகவரிகளையும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருகிறவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) மூலம் அதற்குத் திருப்பியபின், அந்தப் பக்கம் முன்வரிசைக்கு வந்து நிலைத்துவிட்டது.

ஆனால் நீக்குவதை எப்படிச் செய்வது என்று வரும்போது கருவி மறுபடியும் ஆபத்தான கையாகிவிடுகிறது. சிவப்புப் பக்கங்கள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பொத்தான் ஒன்று அதில் இருக்கிறது. தொடர்பே இல்லாத இடத்துக்குத் திருப்பிய முகவரியைத் தேடுபொறி இல்லாத பக்கமாகவே கருதிக்கொள்ளும், வந்த வாசகரும் குழம்பித் திரும்புவார். மாற்றுப் பக்கம் இருந்தால் அதற்கு 301, அதையும் ஓராண்டுக்காவது எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். மாற்று இல்லையென்றால் 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (பக்கம் நீக்கப்பட்டது) என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவதே முறை. தேடலில் காட்டாதே என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறிப்பைப் போட்ட பக்கத்தை, தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடச் சொல்லும் அதன் அறிவுரையைக் கேட்கவே கூடாது, உள்ளே நுழைய முடியாத தேடுபொறி அந்தக் குறிப்பை எப்படிப் படிக்கும்? சர்ச் கன்சோலின் நீக்கல் வசதியும் சுமார் ஆறு மாதத்துக்கு மறைத்துவைப்பது மட்டுமே.

தேதியை மட்டும் இன்றைக்கு மாற்றும் பொத்தானைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வருகிறது. உள்ளே இருப்பது மாறாமல் புதிதாகத் தோன்றச் செய்வதற்காகத் தேதியை மாற்றுகிறீர்களா என்று கூகுளின் வழிகாட்டுதல் நேரடியாகவே கேட்கிறது. பழையவை என்ற ஒரே காரணத்துக்காகப் பக்கங்களை அழிப்பதால் பயனில்லை என்று 2023 ஆகஸ்டில் அவர்கள் தரப்பிலிருந்து வெளிப்படையாகவும் சொல்லப்பட்டது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கும் ஊரைப் பற்றி, வரும்போது இரண்டு பாட்டில் வாங்கிவாருங்கள் என்ற பழைய வரியை அப்படியே வைத்துக்கொண்டு மேலே இன்றைய தேதியைப் போடுவது வாசகரை ஏமாற்றும் வேலை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். உங்கள் தளத்தின் அளவுக்குச் சர்ச் கன்சோலும் ஒரு எக்செல் தாளும், பக்கங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசிக்கும் பொறுமையும் போதும். எது பொய்யாகிவிட்டது என்பதை அந்த ஊரில் இருப்பவர்தான் சொல்ல முடியும். நான் இந்த ஆண்டும் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் அது அனுப்பும் உடைந்த இணைப்புகளின் பட்டியல் ஒன்றுக்காகத்தான். நாங்கள் இணைப்புக் கொடுத்திருக்கும் அரசுத் தளங்களின் முகவரிகள் மாறும் வேகத்துக்கு அந்தப் பட்டியல் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. கேட்காமல் வாங்கியே தீருவேன் என்றால், ஆண்டுச் சந்தா வேண்டாம், மாதச் சந்தா எடுங்கள். அதையும் உங்கள் ஊர் சிம்ஸ் பூங்காப் பழக் கண்காட்சியெல்லாம் முடிந்து ஜூன் கடைசியில் எடுத்தால், அதன் 90 நாளுக்குள் உங்கள் சீசன் முழுவதும் அடங்கிவிடும்.