ஐசாக் ஆஸ்துமா கேள்வித்தாள்: பள்ளிக் கணக்கெடுப்புக்கு எவ்வளவு தூரம் உதவும்?

குழந்தைகளிடையே ஆஸ்துமா எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுக்க இன்றும் முதலில் எடுக்க வேண்டியது ஐசாக் கேள்வித்தாள்தான். குழந்தைப் பருவ ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றி 1991-இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வுக்காக (ஆங்கிலச் சுருக்கம் ISAAC) உருவானது. 13–14 வயதினர் தாங்களே நிரப்புவார்கள். 6–7 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் நிரப்புவார்கள். ஆஸ்துமாவுக்கு எட்டே கேள்விகள்.

உயிர்நாடி இரண்டாவது கேள்வி: கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் இழுப்போ விசில் சத்தமோ இருந்ததா? 'எப்போதாவது வந்ததா' என்ற முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் தாள் நேரே ஆறாவதுக்குப் போகச் சொல்லும். அங்கே சொல் பிசகினால், எத்தனை முறை வந்தது, தூக்கம் கெட்டதா, ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாமல் திணறியதா என்ற விவரமெல்லாம் போய்விடும்.

தமிழில் பிசகுவதும் அங்கேதான். 'மூச்சு வாங்குதல்' என்று போட்டால் மாடிப்படி ஏறிய பிள்ளையெல்லாம் 'ஆம்' என்று குறிக்கும். 'இளைப்பு' என்றால் உடம்பு மெலிந்ததா என்று கேட்பார்கள். 'மூச்சு விடும்போது நெஞ்சில் கீச்சென்று விசில் போல் சத்தம்' என்று விளக்கி, பக்கத்திலேயே 'இழுப்பு', 'வீசிங்' இரண்டையும் சேர்ப்பது நல்லது. பிறகு மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்க்க வேண்டும்.

'ஆஸ்துமா வந்ததுண்டா' என்ற ஆறாவது கேள்வியை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நெபுலைசர் (மருந்தைப் புகைபோல் மூச்சில் செலுத்தும் கருவி) வைத்த பிள்ளையின் தாயிடம்கூட 'வீசிங்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் மனசாட்சிப்படியே 'இல்லை' என்று எழுதுவார். எட்டாவது, இரவு வறட்டு இருமல். 'சளி, நெஞ்சுத்தொற்று இல்லாதபோது' என்ற நிபந்தனையை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

ஐசாக்கில் எழுத்துத்தாளோடு ஒரு வீடியோ கேள்வித்தாளும் உண்டு. அதன் ஐந்து காட்சிகள் சொல் சிக்கலைத் தாண்டிவிடுகின்றன: 'உனக்கு இப்படி மூச்சு வந்ததுண்டா' என்றே கேட்கும். எழுத்துத்தாளை வாங்கிய பிறகே போடவும். இல்லையென்றால் காட்சியே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடும். நல்ல ஸ்பீக்கர் கட்டாயம். மின்விசிறி இரைச்சலில் இழுப்புச் சத்தம் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது.

இரண்டுமே பரவலை அளக்கத்தான். தனிப் பிள்ளைக்கு நோய் உண்டு என்று முடிவுகட்ட அல்ல. கையில் பணம் இருந்தால், 'ஆம்' என்றவர்களிலும் 'இல்லை' என்றவர்களிலும் சிலரைப் பொறுக்கி ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதச் செய்து மூச்சை அளக்கும் சோதனை) செய்யலாம். முதல் ஊதலுக்குப் பின் ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குடுவை) வழியே மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்து 200–400 மைக்ரோகிராம், 10–15 நிமிடக் காத்திருப்பு, மறுபடி ஊதல். முதல் விநாடியில் வெளியேறும் காற்று 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. கூடாவிட்டால் ஆஸ்துமா இல்லை என்று எழுதிவிடக் கூடாது: மூச்சு சீராக இருக்கும் நாளிலும், காலையில் இன்ஹேலர் எடுத்துவிட்டு வந்தாலும் அளவு இயல்பாகவே இருக்கலாம். கடைசியாக இன்ஹேலர் எடுத்த நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்ட பிறகே குழாயைக் கையில் கொடுங்கள்.