ஐந்து குழந்தைகளுக்கு ஒரு வண்டி: எட்டு இருக்கை மினிவேன் பற்றிய மதிப்பீடு

ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பெற்றோரிடம் இரண்டு கேள்விகள் தவறாமல் வந்து சேரும். ஏன் இத்தனை குழந்தைகள் என்பது ஒன்று. இத்தனை பேரையும் எந்த வண்டியில் ஏற்றிச் செல்கிறீர்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதற்குச் சரியான விடை சொல்ல இயலாது என்பது என் கருத்து. பெற்றோர் ஏன் பெரிய குடும்பத்தை விரும்பித் தேர்ந்தெடுத்தார்களோ அந்தக் காரணமே அவர்களுக்கு எத்தகைய வண்டி வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஆகவே எங்கள் குடும்பம் பயன்படுத்தி வரும் எட்டு இருக்கை மினிவேனை எடைபோடும் இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் குறிப்பிடும் நிறைகளும் குறைகளும் இவ்வகை வண்டிகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

சாதாரணக் காரின் பின்னிருக்கை இரண்டு குழந்தைகளை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுகிறது. குழந்தை இருக்கையை வண்டியின் உடற்கூட்டோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலான கார்களில் பின்வரிசையின் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கும். அமெரிக்காவில் 2002 முதல் நடைமுறையில் உள்ள விதியும் இத்தகைய முழுமையான பூட்டுகள் இரண்டு இடங்களில் இருந்தால் போதும் என்கிறது. ஐ-சைஸ் என்னும் தர அளவின்படி ஒரு குழந்தை இருக்கைக்கு ஒதுக்கப்படும் அகலம் 44 செ.மீ.; மூன்றை அருகருகே வைக்க 132 செ.மீ. தேவை. கதவின் கைப்பிடி வளைவையும் இருக்கையின் குழிவையும் கழித்துப் பார்த்தால் நடுத்தர அளவுக் கார்கள் பலவற்றில் அந்த அகலம் கிடைப்பதில்லை. இடைவெளி குறைவாகப் பிறந்த பிள்ளைகள் உள்ள வீட்டில், கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கை, அடுத்தவருக்கு முன்னோக்கிய இருக்கை, பள்ளி செல்பவர்களுக்கு பெல்ட் சரியாகப் பொருந்தும்படி உயர்த்தி அமர்த்தும் பூஸ்டர் இருக்கை என்று மூன்று, நான்கு இருக்கைகள் ஒரே காலத்தில் தேவைப்படும். எனவே மூன்றாவது குழந்தையின் வருகை பல குடும்பங்களில் வண்டி மாற்றும் செலவோடு சேர்ந்தே வருகிறது.

இந்தத் தடை எவ்வளவு பெரியது என்பதை ஜோர்டன் நிக்கர்சன், டேவிட் சாலமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2020-ல் கணக்கிட்டார்கள். அமெரிக்க மாநிலங்கள் குழந்தை இருக்கை கட்டாயமாகும் வயதை வெவ்வேறு ஆண்டுகளில் உயர்த்தியதை வைத்து, இரண்டு குழந்தைகள் அந்த வயதுக்குள் இருக்கும் வீடுகளில் மூன்றாவது பிறப்பு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். அவர்களது மதிப்பீட்டின்படி 2017-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 8,000 குழந்தைகள் இதனால் பிறக்காமல் போயினர். இதைப் படித்துவிட்டுக் குழந்தை இருக்கையையே குறை சொல்லப் புறப்படுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காரில் செல்லும் கைக்குழந்தைகளின் விபத்து மரண அபாயத்தை அது 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகளின் அபாயத்தை 54 விழுக்காடும் குறைக்கிறது என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணிப்பு. இருக்கையில் குறை இல்லை. அதைத் தாங்கும் வண்டி இரண்டு பிள்ளைகளோடு நின்றுவிடுவதுதான் குறை.

அப்படியானால் இத்தனை இடையூறுகளைத் தாண்டியும் சிலர் ஏன் நான்கு, ஐந்து, ஆறு என்று பெற்றுக்கொள்கிறார்கள்? முற்காலத்துப் பெரிய குடும்பத்தோடு இவர்களை ஒப்பிடுவது பொருந்தாது. 1960-களில் உலக அளவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள் பிறந்தன. இன்று அது 2.3 அளவில் இருக்கிறது. அன்று பலருக்குப் பெரிய குடும்பம் தானாக அமைந்தது. பிள்ளைகள் பிழைப்பார்களா என்ற அச்சமும், வயலுக்கும் தொழிலுக்கும் கை வேண்டும் என்ற தேவையும், கருத்தடைக்கு வழியின்மையும் அதன் பின்னே இருந்தன. இன்று அந்தக் காரணங்கள் பெரும்பாலும் விலகிவிட்ட சமூகங்களில், ஒவ்வொரு குழந்தையையும் யோசித்து, பேசி முடிவெடுத்தே இவர்கள் வரவேற்கிறார்கள். சிலருக்கு இறைநம்பிக்கை வலுவான காரணம். யூத, கிறித்தவ, இசுலாமியக் குடும்பங்கள் பலவற்றில் குழந்தையை அருளாக ஏற்கும் மனம் இன்றும் உறுதியாக இருக்கிறது. சிலர் உடன்பிறந்தோர் நிறைந்த வீட்டில் வளர்ந்து, அந்த இரைச்சலைத் தங்கள் வீட்டிலும் கேட்க விரும்புகிறார்கள். தனிப்பிள்ளையாக வளர்ந்த வேறு சிலர், பெற்றோரின் முதுமையையும் இழப்பையும் தோள் கொடுக்க ஒருவருமின்றித் தாங்கியதால், தம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைக்கிறார்கள். மறுமணத்தால் இருபுறப் பிள்ளைகளும் ஒன்றுசேர்ந்து பெருகிய வீடுகளும் உண்டு.

ஆனால் நான் பழகிய பெரிய குடும்பங்களில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றைக் கண்டிருக்கிறேன். திருமணத்தின்போதே ஐந்து என்று எண்ணி முடிவு செய்தவர்கள் மிகச் சிலர். முதல் குழந்தையைப் பார்த்த மகிழ்ச்சியில் இரண்டாவதை விரும்பினார்கள். அந்த இருவரும் ஒருவரையொருவர் எப்படி மாற்றினார்கள் என்பதைக் கண்டபின் மூன்றாவதை விரும்பினார்கள். செலவையும் தூக்கமின்மையையும் வேலையில் இழக்கும் ஆண்டுகளையும் அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தும், வரப்போகும் பிள்ளை ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு புது உறவைக் கொண்டுவருகிறது என்பதை அதைவிடப் பெரிதாகக் கருதினார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உடன்பிறப்பு உறவு ஒன்றுதான்; ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அத்தகைய இணைகள் பத்து. எங்கள் வீட்டிலும் காரணம் இதுவே.

வண்டியை மதிப்பிட எனக்கு இது ஒரு தெளிவான அளவுகோலைத் தருகிறது. ஏழு, எட்டு என்ற இருக்கை எண்ணிக்கை மட்டும் போதாது. அதில் ஏறியவர்கள் ஒருவரோடொருவர் பேச முடிகிறதா, அழும் குழந்தையைப் பெற்றவரோ மூத்தவரோ கைநீட்டித் தொட முடிகிறதா, கடைசி வரிசையில் இருப்பவர் ஒதுக்கப்பட்டதாக உணராமல் வர முடிகிறதா என்பவற்றையே நான் முதலில் பார்க்கிறேன்.

இந்த அளவுகோலில் எங்கள் மினிவேன் பெரும்பாலும் நன்றாகவே தேறுகிறது. முன்னால் இருவர், நடுவரிசையில் மூவர், பின்வரிசையில் மூவர் என்ற அமைப்பில் நாங்கள் எழுவரும் அமர்ந்த பிறகு பாட்டிக்கு ஓர் இடம் மிஞ்சுகிறது. ஏழு இருக்கை வண்டி வாங்கியிருந்தால் பாட்டி வரும் நாட்களிலெல்லாம் யாராவது ஒருவர் வீட்டில் தங்க வேண்டியிருந்திருக்கும். நடுவரிசையின் மூன்று இருக்கைகளும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகர்பவை; நடுவில் உள்ளதைச் சற்று முன்னால் இழுத்தால் கைக்குழந்தை முன்னிருக்கைக்காரரின் கைக்கு எட்டுகிறது. தரை தட்டையாக இருப்பதால் வண்டி நிற்கும்போது பின்வரிசைக்கு உள்ளிருந்தே நடந்து செல்ல முடிகிறது. மழைநாளில் கதவைச் சாத்திக்கொண்டு, நனையாமல் எல்லோருக்கும் சீட் பெல்ட் மாட்டிவிடலாம்.

பக்கவாட்டில் நகரும் கதவுகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். குடும்பத்துக்கான மினிவேன் என்ற வகையைப் பரவலாக்கிய அமெரிக்க நிறுவனமான கிரைஸ்லரின் வண்டிகள் 1983-ன் இறுதியில் வந்தபோது இத்தகைய கதவு ஒரு பக்கம் மட்டுமே இருந்தது; ஓட்டுநர் பக்கத்திலும் அது வருவதற்கு 1990-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெருக்கமான நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டியின்மேல் மோதாமல் நான்கு வயதுப் பிள்ளை தானே இறங்க முடிவது இந்தக் கதவால்தான். வெளிப்புறம் விரியும் கதவுள்ள உயரமான எஸ்யூவிகளில் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி இறக்க வேண்டியிருக்கும். ஐந்து பேர் என்றால் அது சிறிய வேலை இல்லை.

இனி குறைகள். மூன்றாவது வரிசையில் ஐசோஃபிக்ஸ் பூட்டு ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. மற்ற இரண்டு இடங்களிலும் குழந்தை இருக்கையை சீட் பெல்ட்டால் கட்ட வேண்டும்; சரியாகக் கட்டினால் அதுவும் பாதுகாப்பானதே என்றாலும், இறுகியதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பெல்ட்டின் கொக்கிகள் மூன்றும் இருக்கையின் மடிப்புக்குள் புதைந்திருப்பதால், பூஸ்டரில் அமரும் பிள்ளை தானே மாட்டிக்கொள்ள முடிவதில்லை. குளிர்காற்று பின்வரிசைக்குத் தாமதமாகவே போய்ச் சேர்கிறது. வேகமாகச் செல்லும்போது சக்கரத்தின் ஓசை கடைசி வரிசையில் அதிகம் கேட்பதால், அங்கிருந்து ஒரு பிள்ளை சொல்லும் செய்தி நடுவரிசையில் ஒருவர் திருப்பிச் சொன்னால்தான் முன்னால் வந்து சேரும். இந்தக் கடைசிக் குறையே என்னை மிகவும் வருத்துகிறது. கடைசி வரிசை எப்போதாவது ஒரு விருந்தாளிக்குப் பயன்படும் இடம் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது; எங்களைப் போன்றவர்களுக்கோ அங்கே நாள்தோறும் உட்காருபவர்கள் எங்கள் பிள்ளைகள்.

சாமான் இடத்தையும் சுமை அளவையும் பலர் கவனிப்பதில்லை. மூன்றாவது வரிசை மடிக்கப்பட்ட நிலையில் அளந்த டிக்கியின் கொள்ளளவையே விளம்பரங்கள் பெரிதாகக் காட்டும். எல்லா இருக்கைகளும் நிமிர்ந்திருக்கும்போது சில ஏழு இருக்கை எஸ்யூவிகளில் 200 லிட்டர் அளவே மிஞ்சுகிறது. அதில் ஒரு தள்ளுவண்டியும் இரண்டு பைகளும் வைத்தால் முடிந்துவிடும். எங்கள் மினிவேனில் பின்வரிசைக்குப் பின்னால் ஆழமான குழி இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இங்கும் ஒரு வரம்பு. எட்டுப் பேரும் பெரியவர்களாக வளர்ந்து, சாமானும் ஏற்றினால் அந்த வரம்பை எளிதில் நெருங்கிவிடுவோம். இன்று சரியாக இருக்கும் வண்டி பிள்ளைகள் பதின்பருவத்தை எட்டும்போதும் சரியாக இருக்குமா என்பதை வாங்கும்போதே கேட்டுப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் கவனம் குறையுமே என்று அக்கறையோடு கேட்பவர்களும் உண்டு. நார்வே நாட்டு மக்கள் பதிவுகளைக் கொண்டு 2005-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, பிறப்பு வரிசையைக் கணக்கில் எடுத்தபின் குடும்பத்தின் அளவு பிள்ளைகளின் கல்வியை ஏறக்குறைய பாதிப்பதில்லை என்று கண்டது. ஆயினும் பின்னால் பிறந்தவர்கள் மூத்தவர்களைவிடச் சற்றே குறைவாகப் படித்தார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எனக்கு இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. எங்கள் வண்டியில் கடைசி வரிசை எப்போதும் கடைக்குட்டிக்கோ, எப்போதும் மூத்தவருக்கோ என்று வைத்துக்கொள்வதில்லை. பூட்டு இருக்கும் இடங்களைப் பொறுத்து முடிந்தவரை முறை மாற்றிக்கொள்கிறோம். தம்பி தங்கையரின் பெல்ட்டைச் சரிபார்ப்பதை மூத்தவள் விருப்பத்தோடு செய்தாலும், அது பெற்றோரின் பொறுப்பு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிள்ளைகள் பலர் வேண்டும் என்று விரும்பியவர்கள் நாங்கள், அதன் சுமையை அவள் ஏற்க வேண்டியதில்லை.

வண்டியைக் கொடுத்தால் குழந்தைகள் பெருகுவார்களா என்று ஓர் அரசு முயன்றும் பார்த்திருக்கிறது. ஹங்கேரியில் 2019 முதல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் குறைந்தது ஏழு இருக்கைகள் கொண்ட புதிய வண்டி வாங்க 25 லட்சம் ஃபோரின்ட் (அந்நாட்டு நாணயம்) வரை மானியம் வழங்கப்பட்டது. வேறு பல சலுகைகளும் சேர்ந்திருந்த அந்த நாட்டில் பிறப்பு விகிதம் 2021-ல் ஒரு பெண்ணுக்கு 1.6 வரை உயர்ந்து, பின்னர் மீண்டும் இறங்கிவிட்டது. விருப்பம் ஏற்கெனவே உள்ள பெற்றோரின் பாதையில் கிடக்கும் கல்லை ஒரு வண்டி அகற்றும். விருப்பத்தை அதனால் உண்டாக்க முடியாது. அந்தக் கல்லை அகற்றுவதே பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

மூன்று பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ள எண்ணுபவர்களுக்கு இவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை. நடுவரிசையின் மூன்று இடங்களிலும் ஐசோஃபிக்ஸ் உள்ள சிறிய குடும்ப வண்டிகள் கிடைக்கின்றன. நான்கு, ஐந்து பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இந்த எட்டு இருக்கை மினிவேனைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆறு பிள்ளைகளுக்கு மேல் உள்ளவர்கள் வேறு வழி தேட வேண்டும். ஐரோப்பாவில் சாதாரண உரிமத்தைக் கொண்டு ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேரை மட்டுமே ஏற்றிச் செல்லலாம் என்பதால், அங்கே ஒன்பது இருக்கை வேனே கடைசி எல்லை. எதை வாங்குவதாக இருந்தாலும் விற்பனைக் கூடத்துக்கு எல்லாக் குழந்தை இருக்கைகளையும் எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அமரச் செய்யுங்கள். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது உங்களில் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே ஓட்டுபவரோடு பேசிப் பாருங்கள்.