தயிர்ச்சட்டிக்கு லோகோ செய்த கடை, 5க்கு 4 போடலாம்

நாங்க படுவான்கரைப் பக்கம் எருமைத் தயிர் போட்டு மட்டக்களப்பு டவுன் கடைகளுக்குக் குடுக்கிறம், சட்டி வாயில கட்டுற பேப்பர்ல ஒரு லோகோ அடிச்சா நல்லா இருக்குமே எண்டு போன மாசம் திருமலை வீதியில இருக்கிற ஒரு சின்ன டிசைன் கடைக்குப் போனன்.

நான் கேட்டது ஒரு வட்டம், அதுக்குள்ள மட்டக்களப்புக்கு அடையாளமான பாடுமீன், கல்லடிப் பாலம், அதோட எருமை, சுத்திவரப் பேர். கடைத்தம்பி ஒண்டும் சொல்லாம அப்பிடியே கீறி ரெண்டு இஞ்சி சைஸ்ல பிரிண்ட் எடுத்துத் தந்தார், பாத்தா மீனும் பாலமும் ஒரே கறுப்புத் திட்டு. "அக்கா இதுக்குப் பேர் எம்பிளம், பள்ளிக்கூட பட்ஜ் மாதிரி, பெரிய போர்ட்டுக்குச் செரி, சட்டிக்கு வராது" எண்டார். அந்த பிரிண்ட் எடுத்துக் காட்டின விதத்துக்கே காசு குடுக்கலாம்.

பிறகு லோகோவில என்னென்ன வகை இருக்கெண்டு ஒவ்வொண்டாக் காட்டினார். கோகோ கோலா மாதிரி பேரையே எழுதி விடுறது வேர்ட்மார்க், அது 1886ல அவங்கட கணக்குப் பாத்த ரொபின்சன் எழுதின எழுத்தாம். ஐபிஎம் மாதிரி முதலெழுத்து மட்டும் போடுறது நீளப் பேருக்குத்தான், எங்கட பேரே நாலெழுத்து, அதில என்னத்தச் சுருக்க! நைக்கிட கீறல் 1971ல ஒரு மாணவி 35 டொலருக்குச் செய்து குடுத்ததாம், ஆனா பேர் இல்லாமக் கீறல் மட்டும் போட எத்தின வருசம் விளம்பரம் செய்திருப்பான், ஸ்டார்பக்ஸே 2011லதான் லோகோவில இருந்து பேரை எடுத்தவன். கேஎப்சி தாத்தா மாதிரி மாமிட முகத்தைப் போடுவம் எண்டு நான் சொல்ல, மாமி "என்ட மூஞ்சியச் சட்டில கட்டப்போறியாகா?" எண்டு ஒரே ஏச்சு.

கடைசியா பேரும் படமும் சேர்ந்ததுதான் எடுத்தம், சட்டிக்கு மேல ரெண்டு வளைஞ்ச கொம்பு, கீழ பேர், ஒரே கலர். ஒரு கலர் எண்டதால பேப்பர் அடிக்கிற செலவும் குறைவு, சின்ன விலை ஸ்டிக்கருக்குக் கொம்பை மட்டும் தனியா எடுத்துப் போடுறம். தமிழ் எழுத்திலதான் தம்பி கெட்டிக்காரன், சின்னதா அடிச்சா புள்ளி மறைஞ்சி "தயிர்" போய் "தயிர" எண்டு வருது எண்டு புள்ளியை மட்டும் தடிப்பாக்கித் தந்தார், இத நான் யோசிச்சே பாக்கல்ல.

ஒரு குறை. 7500 ரூபா வாங்கிட்டு வட்சப்ல ஜேபெக் படம் மட்டும் அனுப்பினார், அதைக் கொண்டுபோய் வேற இடத்தில நாலடி பிளெக்ஸ் அடிச்சா கொம்பெல்லாம் படிக்கட்டு படிக்கட்டா வந்திச்சி, பிளெக்ஸ் காசு நட்டம். திரும்பப் போய், எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாத வெக்டர் பைல் கேட்டன், மேலதிகமா ஒண்டும் வாங்கல்ல, ஆனா ஒரு கிழமை இழுத்துத்தான் தந்தார். போறவங்க காசு குடுக்க முதலே வெக்டராச் செய்த பிடிஎப், ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர் சொப்ட்வெயார்ட பைல்) ரெண்டையும் பென்ரைவ்ல ஏத்தி வாங்குங்க.