வார இறுதி கிரிப்டிக் குறுக்கெழுத்து: நீண்டநாள் பழக்கத்தில் கண்டது

வார இறுதித் தாள்களில் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்தைப் பல வருடங்களாக விடாமல் போட்டு வருகிறேன். ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன். தமிழிலும் இந்த வகையில் புதிர் அமைக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதையும் சேர்த்துக்கொண்டேன். இத்தனை நாள் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: கட்டம் நிரம்பியதும் பேனாவை மூடி வைப்பவர் பாதிச் சுகத்தை விட்டுவிடுகிறார். ஒவ்வொரு குறிப்பிலும் விடை எந்த வழியாக வந்தது என்று பக்கத்திலேயே பிரித்து எழுத வேண்டும். குறிப்பு நல்லதா, சுமாரா, மோசடியா என்று தீர்ப்பும் சொல்ல வேண்டும். அந்த அலசலில்தான் இந்த விளையாட்டு முழுசாகப் பிடிபடுகிறது.

சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்பு என்பது பொருள் மட்டும். கிரிப்டிக்கில் ஒரே வரிக்குள் இரண்டு பாதைகள் இருக்கும். ஒன்று நேர்ப்பொருள், மற்றது சொல்லை உடைத்து, ஒட்டி, கலைத்து விடைக்குக் கொண்டுபோகும் பாதை. இரண்டும் ஒரே விடையில் வந்து முட்ட வேண்டும். வரியை மேலோட்டமாகப் படித்தால் தெரியும் காட்சிக்கும் விடைக்கும் சம்பந்தமே இருக்காது.

விளங்குவதற்காக நானே கட்டிய ஒரு குறிப்பு: "வேலைக்குப் பதில் சேவை (4)". அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. படித்ததும் சம்பள வேலையை உதறிவிட்டுத் தொண்டு செய்யப் போகும் ஒருவர்தான் கண்ணில் நிற்பார். அவரை மறந்துவிட வேண்டும். வேலை என்றால் பணி. பதில் என்றால் விடை. சேர்த்தால் பணிவிடை, அதாவது சேவை. 'பதில்' என்ற சொல் 'மாற்றாக' என்ற பொருளில் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அது 'விடை' என்ற பொருளில் நிற்கிறது என்று பிடிபடும் நொடிக்காகத்தான் இத்தனையும்.

சரி, விடை வந்துவிட்டது. அலசல் இனிமேல்தான். 'வேலைக்கு' என்பதில் உள்ள 'க்கு' எதற்கு? ஆங்கிலக் குறிப்பில் சொற்கள் தனித்தனியாக நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கலாம். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். அதை வெட்டினால் வாக்கியமே நிற்காது. 'பணிக்கு அடுத்து விடை' என்று படிக்க இடம் இருப்பதால் இந்த 'க்கு'வை நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் நேர்ப்பொருளில் உருபு ஒட்டியிருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். விடை 'பணிவிடை' என்றால் குறிப்பில் 'சேவை' என்றுதான் இருக்க வேண்டும். 'சேவையை' என்று இருந்தால் விடை 'பணிவிடையை' என்றாகிவிடும்.

இன்னொன்று: "கொடு, மானே, பூ (3)". தா, மரை, தாமரை. மரை என்பது மானில் ஒரு வகை. படிக்கும்போது கொஞ்சலாக இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனாலும் மதிப்பெண் குறைப்பேன், ஏனென்றால் 'மானே'யில் இருக்கும் விளி 'ஏ' விடைக்கு எதையும் தரவில்லை. அழகுக்காக மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முழு மதிப்பெண் கொடுக்கக்கூடியது எப்படி இருக்கும்? "மலை முகட்டில் தகரம் உருகிப் பச்சைக்கல் ஆனது (5)". மலையின் முகடு, அதாவது அந்தச் சொல்லின் முதல் எழுத்து, 'ம'. அதை அடுத்து 'தகரம்' உருகினால், அதாவது எழுத்துகள் இடம் மாறினால், 'ரகதம்'. சேர்ந்தால் மரகதம், அதுதான் பச்சைக்கல். ஒரு சொல்கூட வீணாகவில்லை; உலோகம் உருகி மணியாகும் காட்சியும் கெடவில்லை. இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் நேர்ப்பொருள் குறிப்பின் தலையிலோ வாலிலோதான் இருக்கும். பழகியவர்கள் முதலில் அந்த இரண்டு முனைகளைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் 'ஆனது', 'ஆகும்' போன்ற ஒட்டுச்சொல் வாலைப் பிடித்துக்கொள்ளும். நேர்ப்பொருள் ஒரு அடி உள்ளே தள்ளி நிற்கும். இது தெரியாமல் தமிழ்ப் புதிரில் இறங்கினால் தடுமாற்றம்தான்.

இப்படிக் கணக்குக் கேட்கும் பழக்கத்துக்கு ஒரு பரம்பரையே உண்டு. குறுக்கெழுத்து அமெரிக்காவில் பிறந்தது. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' தாளில் வெளியிட்டார். அதைக் கிரிப்டிக்காக முறுக்கியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். ஞாயிறுதோறும் வரும் 'அப்சர்வர்' தாளில் 1926 முதல் டார்க்வெமாடா, 1939 முதல் சிமினெஸ், 1972 முதல் ஏஸெட் என்ற புனைபெயர்களில் புதிராசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முதல் இரண்டும் ஸ்பெயினின் மதவிசாரணை அதிகாரிகளின் பெயர்கள். ஏஸெட் என்பது டெஸா என்ற இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரைப் பின்னிருந்து எழுதியது. நல்ல குறிப்பில் துல்லியமான நேர்ப்பொருள், நியாயமான துணை வழி இரண்டும் இருக்க வேண்டும், வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பது ஏஸெட் வகுத்த இலக்கணம். அந்த 'வேறு எதுவும் கூடாது' என்பதுதான் என் நோட்டில் அதிகம் வேலை செய்யும் விதி. அதற்கு முன்பே, 1949ல், ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் எழுதிய ரிச்சி, புதிராசிரியர் எவ்வளவு வேண்டுமானாலும் திசைதிருப்பலாம், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடக் கூடாது என்ற கருத்தை வலியுறுத்தினார்.

எதிர்க்கட்சியும் உண்டு. 'கார்டியன்' தாளில் அரௌகாரியா என்ற பெயரில் புதிர் அமைத்த ஜான் கிரஹாம் இந்த இலக்கணத்தைச் சிரித்துக்கொண்டே மீறுவார். தனக்குப் புற்றுநோய் வந்த செய்தியைக்கூட 2013 ஜனவரியில் அந்தத் தாளின் வாசகர்களுக்கு ஒரு குறுக்கெழுத்தின் வழியாகவே தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார். நான் கறார் கட்சிதான். ஆனாலும் அவருடைய மீறல்களில் ஒரு தாராளம் இருக்கும். வாசகரைத் தோற்கடிக்க அவர் மீறுவதில்லை. அந்த மனம் இல்லாமல் விதியை மட்டும் மீறுபவர்களை என்னால் ரசிக்க முடிவதில்லை.

வார இறுதிப் புதிருக்கென்று ஒரு குணம் இருக்கிறது. பரிசுப் புதிர் என்றால் விடை உடனே வராது. அடுத்த வாரமோ அதற்குப் பிறகோதான் வரும். செயலியில் போட்டாலும் பெரும்பாலும் சரிபார்க்கும் பொத்தான் இருக்காது. இது குறை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு இதுதான் பெரிய வரம். பொத்தான் இருந்தால் கை அதற்குப் போகும். பச்சை விழுந்ததும் காரணம் தேடும் ஆசை போய்விடும். பொத்தான் இல்லாதபோது காரணம்தான் ஒரே சாட்சி. வெளியாகும் விடைப்பட்டியலிலும் பெரும்பாலும் வெறும் விடைதான் இருக்கும், விளக்கம் இருக்காது. ஆகவே பிரித்து எழுதும் வேலை நம் தலையில்தான்.

நான் செய்வது இவ்வளவுதான். நேர்ப்பொருளுக்குக் கீழே கோடு. எழுத்து வந்த வழி பக்கத்தில். எதிலும் சேராமல் மிஞ்சும் சொல்லைச் சுற்றி வட்டம். வட்டம் மிஞ்சினால் இரண்டில் ஒன்று: எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அல்லது புதிராசிரியர் பஞ்சு அடைத்திருக்கிறார். ஓரிரு நாள் விட்டுத் திரும்பப் பார்க்கும்போது அந்த வட்டங்களில் பல தானாகவே அவிழும்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் புதிர்களில் சொற்சுருக்கத் தொல்லை தீராது. குறிப்பில் மாலுமி வந்தால் விடைக்கு ஏபி, டாக்டர் வந்தால் எம்ஓ, கிரிக்கெட் வந்தால் ஒரு கைப்பிடி எழுத்துகள். முதலில் மிரட்டும், பிறகு வெறும் மனப்பாடமாகிவிடும். புதிதாக வருபவரை விரட்டுவதும் இதுதான். தமிழில் இந்தச் சுமை மிகக் குறைவு.

தமிழ்க் கட்டத்தின் சிக்கல் வேறு மாதிரி. நம் சொற்களில் ஏராளமானவை 'ம்'மில் முடிகின்றன, ஆனால் மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்குவதில்லை. குறுக்கே போகும் சொல்லின் கடைசி 'ம்' மேலிருந்து வரும் சொல்லின் நடுவிலோ முடிவிலோதான் மாட்ட முடியும். கட்டம் அமைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்பது ஒரு சிறு கட்டத்தையாவது கட்டிப் பார்த்தால் தெரியும். போடுபவருக்கோ லாபம்: 247 எழுத்து இருக்கும் மொழியில் ஒரு 'தா' விழுந்தாலே பாதிச் சொற்கள் கழன்றுவிடும். தவிர, நம் வார இதழ்களின் சாதாரணக் குறுக்கெழுத்திலேயே 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' எல்லாம் உண்டு. எழுத்தைத் திருப்பியும் கலைத்தும் பார்ப்பது தமிழ் வாசகருக்குப் புதிதே அல்ல. சிலேடையில் ஊறிய மொழி வேறு. இவ்வளவு கைவசம் வைத்துக்கொண்டு தமிழில் கிரிப்டிக் இத்தனை குறைவாக வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தொடங்க நினைப்பவர்கள் ஒளிந்திருக்கும் சொல் வகையில் தொடங்கலாம். விடை கண்ணெதிரே எழுதியே இருக்கும். "கழுத்தில் விழுவது அம்மா லைலாவிடம் கொஞ்சம் வாங்கியது (2)" என்பதில் 'கொஞ்சம்' என்ற சொல்தான் சைகை. 'அம்மா லைலா' என்பதைச் சேர்த்துப் படித்தால் நடுவில் 'மாலை' இருக்கும். அது பழகியதும் திருப்பிப் படிக்கும் வகைக்குப் போகலாம். அதற்கு ஒன்று, விளக்கம் இல்லாமல்: "திரும்பப் படித்தால் ஈசனை அழைக்கலாம் (2)".