கன்யாகா ஆட்டுப்பண்ணைச் சிதிலங்கள்: ஒரு பார்வையாளரின் மதிப்பீடு

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குச் செல்வோரில் பலர், குவோர்ன் ஊரிலிருந்து ஹாக்கர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்தி, கன்யாகாவின் கூரையற்ற கல்வீட்டின் முன் படம் எடுத்துக்கொண்டு, கால்மணி நேரத்தில் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்கள் இந்த இடத்தில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்பேன். கன்யாகாவின் உயிர்நிலை வீட்டில் இல்லை. சற்றுத் தள்ளி நிற்கும் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் இருக்கிறது.

இந்த மேய்ச்சல் நிலத்தை 1852-இல் தொடங்கியவர், கேரிஸ்ஃபர்ட் பிரபுவின் மகன் ஹ்யூ புரோபி. அதே ஆண்டில், திடீரென வெள்ளம் பெருகிய வில்லோக்ரா ஓடையைக் கடக்க முயன்று மூழ்கி இறந்தார். வறட்சியால் அழிந்த பண்ணையின் முதல் பலி தண்ணீரால் நேர்ந்தது என்பதை, ஓடையின் வறண்ட மணலில் நிற்கும்போது நம்புவது கடினம். அவருக்குப் பின் வந்த ஜான் ராண்டல் ஃபிலிப்ஸ் காலத்தில்தான் பண்ணை ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. 70 குடும்பங்கள் வரை இங்கு வாழ்ந்ததாகக் கூறப்படுகிறது.

நீண்ட, நேரான மரங்கள் அரிதாகவும் கல் தாராளமாகவும் கிடைத்த நாடு என்பதால், எல்லாவற்றையும் கல்லால் கட்டினார்கள். இன்று நமக்குப் பார்க்க ஏதேனும் எஞ்சியிருப்பதும் அதனால்தான். 16 அறைகள் கொண்ட வீட்டில் சுவர்களும் கணப்படுப்புகளும் மட்டும் நிற்கின்றன. எந்த அறையில் யார் உண்டார்கள், எங்கே சமைத்தார்கள் என்று ஊகித்தபடி நடக்கலாம்.

கொட்டகைக்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஒரே நேரத்தில் 24 பேர் வரிசையாக நின்று ரோமம் கத்தரிக்கும் அளவுக்குக் கட்டப்பட்ட கட்டடம் அது. பண்ணையின் செழிப்பான பருவத்தில் ஆடுகளின் எண்ணிக்கை 40,000-ஐத் தாண்டியது. வீட்டைவிடக் கொட்டகைக்குத்தான் கல்லும் உழைப்பும் அதிகம் செலவாகியிருக்கும் என்று தோன்றுகிறது. முதலாளியின் குடும்பமும் ஆட்டு ரோமத்தை நம்பியே வாழ்ந்தது என்பதை எந்த விளக்கப் பலகையையும்விட இச்சுவர்கள் தெளிவாகச் சொல்கின்றன.

1860-களின் கடும் வறட்சியில் ஏறத்தாழ 20,000 ஆடுகள் மடிந்தன. அந்த வறட்சியின் எல்லையை ஆராய்ந்த தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர், 1865-இல் வரைந்த கோட்டுக்கு வடக்கே பயிர்த்தொழிலை நம்ப முடியாது என்றார். கன்யாகா அக்கோட்டுக்கு வடக்கே உள்ளது. இருந்தும், நல்ல மழை பெய்த 1870-களில் மேய்ச்சல் நிலங்கள் கோதுமைக்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன, கோதுமையும் நிலைக்கவில்லை. 1888-இல் பண்ணை கைவிடப்பட்டது.

என் முதன்மையான குறை, இந்த வரலாற்றை 1852-இலிருந்து தொடங்கும் வழக்கத்தைப் பற்றியது. ஆட்டு மந்தைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலைத்தொடர் அட்னியமதன்ஹா என்னும் பழங்குடி மக்களின் நாடு. குடியேறிகள் இங்கு பண்ணை வைக்கத் துணிந்ததும் அம்மக்கள் அறிந்திருந்த நீர்நிலைகளை நம்பித்தான். அருகிலுள்ள மடுவின் கரையில் நிற்கும் ‘மரணப் பாறை’ பற்றிப் பயணிகள் ஆர்வத்தோடு பரிமாறிக்கொள்ளும் கதைகளை நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. அம்மக்களே சொல்லக் கேட்பதே முறை. ஆனால் மடுவரை அவசியம் நடந்துபோங்கள்: செம்பட்டை யூகலிப்டஸ் மரங்களின் நிழலும் தண்ணீரும் சேர்ந்திருப்பதைக் கண்டால், பண்ணை ஏன் இந்த இடத்தில் அமைந்தது என்பது விளங்கும்.

சிதிலங்களைப் புதுப்பித்துப் பொம்மை வீடாக்காமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கேற்ப வசதிகளையும் எதிர்பார்க்க வேண்டாம். குடிநீரை உடன் எடுத்துச் செல்லுங்கள், தளர்ந்த சுவர்கள்மீது குழந்தைகளை ஏறவிடாதீர்கள். கோடையைத் தவிர்த்து, குளிர்காலப் பிற்பகலில், குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் செல்வது நல்லது.