டெம்ப்ளேட் ரேக்: வாங்கும் முன் உங்கள் கிளப்பின் விதியைப் பாருங்கள்

டெம்ப்ளேட் ரேக் என்பது பூல் மேசையில் பந்துகளை அடுக்குவதற்கு மரச் சட்டத்துக்குப் பதிலாகப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். பந்துகள் அமர வேண்டிய இடங்களில் துளைகள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பந்தும் துளையின் விளிம்பில் பட்டு உள்நோக்கிச் சாய்வதால், அதன் எடையே அதை அடுத்த பந்தோடு சேர்த்து நிறுத்திவிடுகிறது. முறையே 9, 10, 15 எண் பந்துகளை அடுக்கி ஆடும் நைன் பால், டென் பால், எயிட் பால் ஆகிய மூன்று ஆட்டங்களுக்கும் உரிய தாள்களை எங்கள் கிளப்பின் 9 அடி மேசையில் நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்த பின்னர் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அடுக்கும் கருவி என்ற அளவில் இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எந்த விதியின் கீழ் ஆடுகிறோம் என்பதைப் பொறுத்து, இதே தாள் ஆட்டத்தை மேம்படுத்தவும் செய்யும், அதன் சுவையைக் கெடுக்கவும் செய்யும்.

முதலில் கருவியின் தரத்தைப் பார்ப்போம். மரச் சட்டத்தால் அடுக்கும்போது, துணி தேய்ந்த மேசையில் பந்துகளுக்கு இடையே முடி அளவு இடைவெளியாவது விழுந்துவிடும். அதைச் சரிசெய்யப் பந்தின் தலையில் தட்டத் தட்டத் துணியில் குழி விழுந்து நிலைமை மேலும் மோசமாகும். தாளில் இந்தத் தொல்லை இல்லை. யார் அடுக்கினாலும் பந்துகள் நெருக்கமாகவே நிற்கும் என்பதால், எதிராளி வேண்டுமென்றே இடைவெளி விட்டார் என்ற சச்சரவும் பெருமளவு ஓய்ந்துவிடுகிறது. பிரேக், அதாவது அடுக்கைச் சிதறடிக்கும் முதல் அடி, ஆன பிறகு தாளை மறக்காமல் எடுக்க வேண்டும். ஒரு பந்து அதன் மேலேயே வந்து நின்றுவிட்டால், பந்தின் இடத்தைக் குறித்துக்கொண்டு தாளை உருவுவது சற்றுச் சலிப்பான வேலைதான்.

சிக்கல் இந்த நெருக்கத்திலிருந்தே தொடங்குகிறது. நைன் பாலின் பழைய முறைப்படி, வைர வடிவ அடுக்கின் முனையில் உள்ள 1 ஆம் எண் பந்து ஸ்பாட்டின் (அடுக்கும் இடத்தைக் காட்ட மேசையில் குறிக்கப்பட்ட புள்ளி) மேல் நிற்கும். பந்துகள் இடைவெளியின்றி நிற்கும்போது, நடு வரிசையின் ஓரத்திலுள்ள பந்து ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே பாதையில் புறப்பட்டு மூலைப் பாக்கெட்டை நோக்கிச் செல்கிறது. பக்கக் குஷனுக்கு (மேசையின் ஓரத் தடுப்பு) அருகில் வெள்ளைப் பந்தை வைத்து, 1 ஆம் பந்தைச் சற்று ஓரமாக, மிதமான வேகத்தில் அடித்தாலே போதும். இந்த வழி புதியதன்று. 2001 ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பன் நைன் பால் இறுதிப் போட்டியில் மென்மையான பிரேக்குக்குப் பெயர்பெற்ற கோரி டூயல், மிகா இம்மோனனை 11-0 என்று வென்றார். அன்று தேர்ந்த கைகளுக்கு மட்டும் வசப்பட்டதை இன்று இந்தத் தாள் நடுத்தர ஆட்டக்காரருக்கும் எளிதாக்கிவிடுகிறது. வெற்றி பெற்றவரே மீண்டும் பிரேக் செய்யும் விதியும் சேர்ந்துகொண்டால், எதிராளி நாற்காலியை விட்டு எழாமலேயே தோற்கக்கூடும். 1996 இல் டாலஸில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் தொடர்ச்சியாக 11 ரேக்குகளை (சுற்றுகளை) முடித்துப் பத்து லட்சம் டாலர் பரிசுக்கு உரிமை பெற்றது இன்றும் பேசப்படுகிறது. அது அரிதாக நடந்ததால்தான் அதற்கு அந்த மதிப்பு. பிரேக்கிலேயே ஒரு பந்து விழுவது உறுதியாகிவிட்டால், அத்தகைய ஓட்டங்களைப் பார்க்கும் வியப்பு குறைந்துவிடும்.

இதற்கு மாற்றாக வந்த விதியை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். 1 ஆம் பந்துக்குப் பதிலாக, அடுக்கின் நடுவில் இருக்கும் 9 ஆம் பந்தை ஸ்பாட்டில் வைத்தால், முழு அடுக்கும் பிரேக் செய்பவரை நோக்கி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் முன்னே வருகிறது. அந்தச் சிறிய நகர்வில், ஓரப் பந்து மூலைப் பாக்கெட்டை அடைவதற்கு முன்பே நீளக் குஷனில் மோதிவிடுகிறது. போட்டி அமைப்பு நிறுவனமான மேட்ச்ரூம் நடத்தும் பெரிய போட்டிகளில் இம்முறை பின்பற்றப்படுகிறது. வெள்ளைப் பந்தையும் நடுவில் வரையப்பட்ட ஒரு பெட்டிக்குள் வைத்தே அடிக்க வேண்டும். எனவே ஆட்டக்காரர் 1 ஆம் பந்தைப் பக்கப் பாக்கெட்டில் விழவைக்க முயல்கிறார். அதற்கு வேகமும் துல்லியமும் ஒருசேர வேண்டும். சில போட்டிகளில், பாக்கெட்டில் விழுந்த பந்துகளும் பிரேக் செய்பவர் பக்கமுள்ள பிரேக் கோட்டைத் தாண்டிவந்த பந்துகளும் சேர்ந்து குறைந்தது மூன்றாக இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மென்மையான பிரேக்குக்கு அது நேரடியான தடை. எங்கள் மேசையில் ஸ்பாட்டையும் பெட்டியையும் மாற்றிய பிறகு, ஒன்றும் விழாத பிரேக்குகள் கூடின, புஷ் அவுட் (பிரேக்குக்கு அடுத்த அடியில் வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்துக்குத் தள்ளும் உரிமை) அடிக்கடி வந்தது, எதிராளிக்கு நேர் அடி கிடைக்காதபடி வெள்ளைப் பந்தை ஒளித்து வைத்தலும் குஷனில் பட்டு மீட்டெடுப்பதும் மீண்டும் ஆட்டத்தின் மையத்துக்கு வந்தன. 1995 இல் ரீனோவில் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக எஃப்ரன் ரெயெஸ் அடித்த புகழ்பெற்ற கிக் ஷாட்டை (வெள்ளைப் பந்து முதலில் குஷனில் பட்டுப் பிறகு இலக்குப் பந்தைத் தொடும் அடி) நினைப்பவர்களுக்கு, எதிராளிக்கும் வாய்ப்பு வரும் ஆட்டம் எவ்வளவு பெரிய இன்பம் என்பது விளங்கும்.

டென் பாலுக்கு உரிய தாளை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பத்துப் பந்து முக்கோணத்தில் அப்படி உறுதியாக விழும் ஓரப் பந்து இல்லை. விழவைக்கும் பந்தையும் பாக்கெட்டையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உலக விதிகளின்படி பிரேக்கில் 10 ஆம் பந்து விழுந்தாலும் அது வெற்றியாகாது, மீண்டும் ஸ்பாட்டில் வைக்கப்படும். அடுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அதிர்ஷ்டத்தின் பங்கு சிறிதாகவே இருக்கிறது. எயிட் பாலில் 15 பந்துகளையும் மரச் சட்டத்தால் ஒழுங்காக நெருக்குவது கடினம் என்பதால், தாளின் பயன் அங்கே வெளிப்படை.

தாள் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதைப் பொறுத்தவரை, பிரேக்கின் அடி விழும் முனைத் துளைதான் முதலில் நைந்து போகிறது. மடிப்பு விழுந்த தாள் பந்தைத் துள்ளவைக்கும். அதை உடனே மாற்றிவிடுங்கள். சுருட்டி வைக்காமல், தட்டையான அட்டைக்குள் வைத்தால் நீண்ட நாள் வரும்.

வீட்டிலோ தனியாகவோ பயிற்சி செய்பவர்கள் மூன்று தாள்களையும் வாங்கலாம். கிளப் போட்டி நடத்துபவர்கள் நைன் பாலுக்கு இதை வாங்குவதாக இருந்தால், 9 ஆம் பந்து ஸ்பாட்டில், பிரேக் பெட்டிக்குள் என்ற இரண்டையும் எழுதி ஒட்டிய பிறகே மேசையில் போடுங்கள். 1 ஆம் பந்தே ஸ்பாட்டில் நிற்கும், எங்கிருந்தும் பிரேக் செய்யலாம் என்ற வழக்கத்தை விட மனமில்லாத கிளப்புக்கு, பழைய மரச் சட்டமே பொருத்தம்.