பார்சலில் வந்த கூஸ் முட்டைக்கு இன்குபேட்டரா, மணிலா வாத்தா?

கூஸ் (பெருவாத்து) தாயே அடையில் இருந்தால் பேச்சே இல்லை, முட்டையை அதன் அடியில் வைத்துவிடலாம். இல்லாதவர்களுக்கு இரண்டு வழி: மணிலா வாத்து, அல்லது முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் மின்பெட்டியான இன்குபேட்டர். நாட்டுக்கோழி மூன்று நான்கு கூஸ் முட்டைக்கு மேல் அணைக்காது, அந்தக் கனத்தைப் புரட்டவும் திணறும். அதை விட்டுவிடுவோம்.

மணிலா நல்ல அடை. தன் முட்டைக்கே 35 நாள் உட்காருவது, கூஸுக்கு வேண்டிய 28–30 நாளை அலுக்காமல் தாங்கும். ஐந்தாறு முட்டை வைக்கலாம். குளித்து ஈரச் சிறகோடு வந்து உட்காருவதால் ஈரம் தானாகக் கிடைக்கும். சொந்தத் தோட்டத்து முட்டைக்கு என்றால் மணிலாவைத்தான் சொல்வேன்.

பார்சல் முட்டைக்கு இன்குபேட்டர்தான். காரணம் காற்றறை, அதாவது முட்டையின் அகன்ற முனைக்குள் இருக்கும் காற்றிடம். இருட்டில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிவைத்துப் பாருங்கள். நல்ல முட்டையில் காற்றறை அசையாமல் நிற்கும். குலுங்கி வந்த முட்டையைச் சாய்த்தால், கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி ஓடுவது போல அதுவும் ஓடும். அந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி டீக்கடை பேப்பர் கப்பில் நிறுத்தி, குளிர்ச்சியான அறையில் ஒரு நாள் விடவேண்டும். பிறகு காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி. நிறுத்தின வாக்கிலேயே மூன்று நாள் அசைக்காமல் வைத்து, நாலாம் நாளிலிருந்து தினம் மூன்று வேளை 45 டிகிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்க்கலாம். மணிலாவோ உட்கார்ந்த மணியிலிருந்தே அலகால் புரட்டத் தொடங்கிவிடும். இந்த ஓய்வு கிடைக்காது. பார்சல் வருகிற நாளில் அது அடையில் இருக்கவும் வேண்டுமே. ஒரு வாரம் தாண்டிக் காத்திருக்கும் முட்டையில் கரு பிடித்து வளர்வது குறைந்துகொண்டே போகும்.

இவ்வளவு பார்த்தும் எல்லாம் பொரிந்துவிடாது. குலுங்கின முட்டையில் பாதி தேறினாலே நல்ல பார்சல்.

இன்குபேட்டரில் நம் கடற்கரைக்காரர்கள் கெடுப்பது தண்ணீரில்தான். வெளியே 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது, அதே காற்று பெட்டிக்குள் 37.5-க்குச் சூடேறினால் ஈரப்பதம் ஏறக்குறைய 49 சதவீதம். கூஸுக்கு அதுவே போதும். கடலூரிலும் புதுச்சேரியிலும் முதல் நாளே தட்டில் தண்ணீர் ஊற்றினால் முட்டை வற்றாது, காற்றறை சிறுத்துப்போகும், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். 150 கிராம் முட்டை வாரத்துக்கு 5 கிராம் அளவு இறங்க வேண்டும். இறங்கவில்லையா, காற்றுத் துவாரத்தை இன்னும் திறந்துவிடுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து தினம் ஒருமுறை மூடியைத் திறந்து 10–15 நிமிடம் ஆறவிடுங்கள். தாய் இரைக்கு எழுந்து போவதற்கு ஈடு அது. ஓட்டில் முதல் கீறல் விழும் சமயம், 27–28ஆம் நாளில், சாய்ப்பதை நிறுத்திவிட்டுத் தட்டை நிரப்பி 75 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். கீறலுக்குப் பிறகு வெளியே வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும்.

மணிலா ஜெயிக்கும் இடம் மின்சாரம். 80 வாட் பெட்டியை 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி அரை நாள் தாங்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊரில் அரை நாள் எந்த மூலைக்கு? மழைக்காலத்தில் முட்டை வாங்கினால் ஒரு மணிலாவையும் அடையில் வைத்திருங்கள். இரண்டு வாரம் தாண்டிய முட்டையில் ரத்தக்குழாய்கள் ஓட்டின் உட்புறம் பரவியிருக்கும். அது புரட்டலுக்கு அவ்வளவாக அஞ்சாது. மின்சாரம் போய்விட்டால், இருட்டிய பிறகு மணிலாவின் சொந்த முட்டைகளை எடுத்துவிட்டு, இவற்றை ஒவ்வொன்றாக அடியில் தள்ளுங்கள்.